நஷ்டக் கணக்கும் நர்சுகளும்

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஓய்வு பெற்ற ஆடிட்டர். நாற்பது வருஷ காலம் பிறத்தியாருடைய வரவு செலவுகளைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் எந்த விவகாரத்தையும் இரண்டு பத்தியில் எழுதிக் கூட்டிவிடலாம் என்ற திடமான நம்பிக்கை உள்ளவர். அவருடைய மகன் பிலடெல்பியாவில் உத்தியோகம் பார்க்கிறான். மகனிடம் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த மனிதர், வந்த மறுநாளே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஓய், நர்சுகளுக்குச் சங்கம் வேண்டும், அது அவர்கள் உரிமை என்று பக்கம் பக்கமாக எழுதினீரே, பிலடெல்பியாவில் என்ன ஆயிற்று தெரியுமா? 2016-ல் சங்கம் வைத்தார்கள். 2019-ல் ஆஸ்பத்திரியே இல்லை. இனி சங்கம் யாரிடம் போய்ச் சம்பளம் கேட்கும்?"

இதை அவர் சொன்ன தோரணையில், விட்டுக்கொடுக்காத பிடிவாதக்காரிகளைப் பற்றிய ஒரு பழைய கதையின் முடிவைச் சொல்வது போன்ற திருப்தி இருந்தது. நான் அப்போது பதில் பேசவில்லை. பேச்சில் ஆடிட்டர்களை ஜெயிக்க முடியாது; அவர்கள் எண்ணைச் சொன்னதும் நாம் வாயடைத்துப் போகிறோம். எழுத்தில்தான் அவர்களைப் பிடிக்க வேண்டும். ஆகவே இந்தக் கட்டுரை.

அவர் சொன்ன ஆஸ்பத்திரியின் பெயர் ஹானிமன் சர்வகலாசாலை ஆஸ்பத்திரி. ஹானிமன் என்றால் நம் ஊர்ச் சந்துகளில் சர்க்கரை உருண்டை கொடுக்கும் ஹோமியோபதி டாக்டர்களின் சுவரில், வழுக்கைத் தலையுடன் படமாகத் தொங்குகிறாரே, அதே ஜெர்மானியர்தான். 1848-ல் ஹோமியோபதிக் கல்லூரியாகத் தோன்றி, பிறகு அந்த வைத்தியத்தை மெல்ல மெல்லக் கைவிட்டு, சாதாரண மருத்துவக் கல்லூரியாகவும் பெரிய ஆஸ்பத்திரியாகவும் மாறிய ஸ்தாபனம் அது. பெயர் மட்டும் மிஞ்சிற்று. நகரத்தின் நடுமத்தியில், பிராட் வீதியும் வைன் வீதியும் சேருகிற இடத்தில், 496 படுக்கைகள். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். சர்க்கார் காப்பீட்டை நம்பி வருகிறவர்கள். கறுப்பு மக்கள் அதிகம்.

நண்பர் 2016-லிருந்து கதையை ஆரம்பிக்கிறார். கணக்குப் பார்க்கிறவர் ஆரம்ப இருப்பை விட்டுவிடலாமா? 1993-ல் இந்த ஆஸ்பத்திரியை அலெகெனி என்ற ஒரு பெரிய தர்ம ஸ்தாபனம் எடுத்துக்கொண்டது. தர்மம் என்ற பெயரில் ஆஸ்பத்திரி மேல் ஆஸ்பத்திரியாக வாங்கிக் குவித்து, 1998-ல் சுமார் 130 கோடி டாலர் கடனுடன் அது மஞ்சள் கடுதாசி கொடுத்தது. லாப நோக்கற்ற வைத்திய ஸ்தாபனங்களில் அதுவரை அவ்வளவு பெரிய திவால் அமெரிக்காவில் நடந்ததில்லை. பிறகு டெனட் என்ற லாபக் கம்பெனி எட்டு ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து 34.5 கோடி டாலருக்கு வாங்கிற்று. ஹானிமன் நர்சுகள் இப்போது நாம் பேசுகிற சங்கத்தில் சேர்ந்தது, இந்தத் திவாலுக்குப் பதினெட்டு வருஷம் கழித்து. அந்த 130 கோடியை யார் தின்றார்கள் என்று நண்பர் எனக்குச் சொல்லட்டும்.

சரி, 2016-க்கு வருவோம். அந்த வருஷம் ஹானிமன் நர்சுகள் சுமார் 800 பேர், பென்சில்வேனியா ஸ்டாஃப் நர்சுகள் சங்கத்தில் சேருவதற்கு வாக்களித்தார்கள். சங்கம் என்றதும் நம்மவர்களுக்குச் சம்பள உயர்வு ஒன்றுதான் ஞாபகம் வருகிறது. சம்பளமும் கேட்டார்கள்தான். கேட்கக்கூடாதா? ஆனால் அந்த ராஜ்யத்து நர்சுகள் வருஷக்கணக்கில் ஓயாமல் கேட்டு வருகிற சங்கதி வேறு. ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளி என்பதுதான் அது.

இந்த ஒரு கேள்வியில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் முழு வழக்கும் இதில்தான் இருக்கிறது. ஹானிமனிலிருந்து வண்டியில் போனால் சிறிது நேரத்தில் எட்டிவிடுகிற பென்சில்வேனியா சர்வகலாசாலையில் லிண்டா எய்கென் என்ற அம்மையார் இருக்கிறார். அவரே நர்ஸாக இருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர். அவரும் அவருடைய சகாக்களும் அதே பென்சில்வேனியாவின் 168 ஆஸ்பத்திரிகளை எடுத்துக்கொண்டு, இரண்டு லட்சத்துக்கும் அதிகமான அறுவை சிகிச்சை நோயாளிகளின் கதியையும், பதினாயிரத்துச் சொச்சம் நர்சுகள் தந்த விவரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு நர்ஸின் கையில் ஒரு நோயாளி கூடுகிற ஒவ்வொரு தடவையும், முப்பது நாளைக்குள் நோயாளி சாகிற வாய்ப்பு சுமார் 7 சதவீதம் கூடுகிறது. நாலு நோயாளியைப் பார்க்கிற நர்ஸ் எட்டு நோயாளியைப் பார்க்க நேர்ந்தால் அது 31 சதவீதம் ஆகிறது.

இதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் வேண்டாம். ஆபரேஷன் ஆன மனிதனுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு உள்ளே ரத்தம் கசிகிறது. மணியடிக்கத் தெம்பில்லை. முகம் வெளுக்கிறது, நாடி ஓடுகிறது. இதைக் கண்டுபிடிப்பது டாக்டர் அல்ல. அவர் வீட்டில் தூங்குகிறார், கூப்பிட்டால் வருவார். கூப்பிட வேண்டியவள் கட்டிலைச் சுற்றி வருகிற நர்ஸ். அவள் அரை மணிக்கு ஒரு தரம் வந்தால் முகத்தைப் பார்ப்பாள். நாலு மணிக்கு ஒரு தரம் வந்தால்? அவளுக்குக் கருணை குறைந்துவிட்டது என்று அர்த்தமல்ல. கால்கள் இரண்டுதான்.

எனக்கே இதில் ஒரு சொந்த ஞாபகம் உண்டு. பல வருஷம் முன்பு என் தாயார் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்த மாடி முழுவதற்கும் இரவில் ஒரே ஒரு பெண். இருபது வயதுகூட இருக்காது. நான் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை கத்தினேன். அவள் அழுதுகொண்டே சலைன் பாட்டிலை மாற்றினாள். மறுநாள் காலையில் நான் மேனேஜரிடம் அவள் பேரில் புகார் செய்தேன். அவளுக்கு எத்தனை கட்டில் என்று கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மேனேஜரும் அதைச் சொல்லவில்லை. மிகவும் மரியாதையாக என் புகாரைக் குறித்துக்கொண்டார்.

காலிபோர்னியாவில் இந்த எண்ணைச் சட்டமாகவே போட்டார்கள். 1999-ல் நிறைவேற்றி, 2004-ல் அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். சாதாரண வார்டில் ஒரு நர்சுக்கு ஐந்து நோயாளிக்கு மேல் கூடாது என்பது 2005 முதல் அங்கே விதி. பென்சில்வேனியாவில் அதைப் போன்ற மசோதா ஒன்று 2023 ஜூனில் கீழ்ச்சபையில் நிறைவேறி, மேல்சபையில் போய் உட்கார்ந்துவிட்டது. சட்டம் இல்லாத இடத்தில் அந்த எண்ணை எழுத்தில் வாங்குவதற்கு நர்சுகளிடம் இருக்கிற ஒரே சாதனம் ஒப்பந்தம். ஒப்பந்தம் பேசுவதற்கு இருக்கிற ஒரே சாதனம் சங்கம். பேராசைக்காரிகள் கூட்டம் கூடினார்கள் என்று சொல்லுகிறவர்கள் இந்தப் படிகளில் எந்தப் படியை நீக்குவார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

2018 ஜனவரியில் டெனட் கம்பெனி ஹானிமனையும், செயின்ட் கிறிஸ்டஃபர் என்ற குழந்தைகள் ஆஸ்பத்திரியையும் சேர்த்து 17 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. வாங்கியவர் ஜோயல் ஃப்ரீட்மன், காலிபோர்னியாக்காரர், முதலீட்டு பாங்கர் தொழிலிலிருந்து வந்தவர். வாங்கும்போது ஆஸ்பத்திரியைத் தூக்கி நிறுத்தப்போவதாகச் சொன்னார். அடுத்த வருஷம், மாதம் 30 லட்சத்திலிருந்து 50 லட்சம் டாலர் வரை நஷ்டம் என்றார். 2019 ஏப்ரலில், நர்சுகள் உள்பட 175 பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஜூன் 26-ந் தேதி மூடப்போவதாக அறிவிப்பு. அந்த மாதக் கடைசியில் திவால் மனு. ஆகஸ்ட் நடுவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் பூட்டு. செப்டம்பர் முதல் வாரத்தில் எல்லாம் முடிந்தது. சுமார் 2,500 பேருக்கு வேலை போயிற்று.

நஷ்டம் பொய் என்று நான் சொல்லவில்லை. சங்கத்தின் பக்கம் நின்று எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். நஷ்டமே இல்லை, எல்லாம் நாடகம் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியல்ல. ஏழைகளுக்கான சர்க்கார் காப்பீடு கொடுக்கிற தொகை, தனியார் காப்பீடு கொடுக்கிறதைவிடக் குறைவு. பணம் தருகிற காப்பீட்டுக்காரர்கள் அதே நகரத்தில் இருக்கிற பெரிய சர்வகலாசாலை ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் ஹானிமனுக்கு வந்தார்கள். ஏழைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரி லாபம் காட்டுவது, அமெரிக்க ஏற்பாட்டில், குதிரைக் கொம்பு. ஆனால் இந்த நஷ்டத்துக்கும் நர்சுகள் கூடிப் பேசியதற்கும் என்ன சம்பந்தம்? புது முதலாளியே, பழைய முதலாளிகள் மேல்தான் பழி போட்டார். ஆஸ்பத்திரியை விலை கொடுத்து வாங்கியவருக்கே அதன் வரவு செலவு பிடிபடவில்லை என்றால், அங்கே ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவானேன்?

இப்போது நண்பருடைய இரண்டு பத்திக் கணக்குக்கு வருகிறேன். சங்கம் வந்தது, ஆஸ்பத்திரி போயிற்று. அப்படியானால் செயின்ட் கிறிஸ்டஃபர் குழந்தைகள் ஆஸ்பத்திரியை என்ன செய்வது? அதே முதலாளி, அதே திவால் மனு. அங்கிருந்த நர்சுகளும் அதே 2016-ல் அதே சங்கத்தில்தான் சேர்ந்தார்கள். அந்த ஆஸ்பத்திரி மூடவில்லை. டவர் ஹெல்த்தும் டிரெக்சல் சர்வகலாசாலையும் சேர்ந்து 5 கோடி டாலருக்கு அதை வாங்கிக்கொண்டன. டெம்பிள் சர்வகலாசாலை ஆஸ்பத்திரியைச் சொல்லட்டுமா? அதே பிலடெல்பியாவில், அதுவும் ஏழைகளுக்கான ஆஸ்பத்திரிதான். 2010-ல் அங்கே இதே சங்கத்தைச் சேர்ந்த நர்சுகளும் இதர ஊழியர்களுமாக 1,500 பேர் 28 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தத் தகராறில், ஆஸ்பத்திரியைப் பற்றி வெளியில் குறை சொல்லக்கூடாது என்ற ஒரு ஷரத்தும் விவகாரமாக இருந்தது. வாயைக் கட்டும் ஷரத்து! நோயாளியின் உடம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் கண்டதைச் சொல்லக்கூடாதாம். இருபத்தெட்டு நாள் நின்று வேலைக்குத் திரும்பினார்கள். டெம்பிள் மூடவில்லை.

சங்கம்தான் நோய் என்றால் இந்த இரண்டு ஆஸ்பத்திரிகளும் பிழைத்த மர்மத்தை ஆடிட்டர் விளக்க வேண்டும்.

ஹானிமன் விஷயத்தில் சங்கம் எதைச் சொல்லிக் கொண்டிருந்தது? மனிதருக்கு ஆஸ்பத்திரி மேல் ஆசை இல்லை, அடியில் இருக்கிற மண்ணின் மேல்தான் ஆசை என்று சொல்லிற்று. நகரத்தின் நடுவில் இருக்கிற இடம். பக்கத்தில் எல்லாம் விலையேறிக்கொண்டிருக்கிற நிலம். ஃப்ரீட்மன் தரப்பு இதை மறுத்தது. அவருடைய மனசுக்குள் இருந்ததை அறிய எனக்கு ஞானதிருஷ்டி கிடையாது. ஆனால் பத்திரங்களுக்கு மனசு இல்லை, அவற்றைப் படிக்கலாம். ஆஸ்பத்திரியை நடத்துகிற கம்பெனி வேறு, கட்டிடத்தையும் நிலத்தையும் வைத்திருக்கிற கம்பெனிகள் வேறு என்று ஏற்கெனவே பிரித்திருந்தார்கள். திவால் மனு கொடுத்தது நடத்துகிற கம்பெனி. நிலம் வைத்திருந்த கம்பெனிகள் மனுவில் இல்லை.

நம் வாசகர்களுக்கு இது புரியாத வித்தையல்ல. கடன்காரர்கள் வாசலுக்கு வருவதற்கு முன்னால் வீட்டை மைத்துனன் பேருக்கு எழுதி வைத்துவிட்டு, "என்னிடம் என்ன ஐயா இருக்கிறது, இந்த வேஷ்டியும் துண்டும்தான்" என்று கையை விரிக்கிற பெரிய மனிதர்களை நாம் எல்லோரும் கல்யாணப் பந்திகளில் பார்த்திருக்கிறோம். அமெரிக்காவில் அதைச் சட்டப்படி, முன்கூட்டியே, வக்கீல்களை வைத்து ஒழுங்காகச் செய்கிறார்கள். அது குற்றம் என்று கோர்ட்டு சொன்னதாக நான் எழுதவில்லை. அது கணக்கு. அந்தக் கணக்கில், நஷ்டம் என்பது ஆஸ்பத்திரியின் புஸ்தகத்தில் ஏறுகிறது. நிலம் வேறு புஸ்தகத்தில் பத்திரமாகத் தூங்குகிறது. நர்சை உட்காரவைத்து, "அம்மா, நஷ்டத்தைப் பார்" என்று காட்டுகிறவர்கள் முதல் புஸ்தகத்தை மட்டும்தான் காட்டுகிறார்கள்.

நர்சுகள் வீதியில் இறங்கினார்கள். நகர சர்க்காரும் ராஜ்ய சர்க்காரும் தலையிட வேண்டும் என்று கூச்சல் போட்டார்கள். ஜூலை 15-ந் தேதி ஆஸ்பத்திரி வாசலில் நடந்த கூட்டத்துக்கு பெர்னி சாண்டர்ஸ் வந்து பேசினார். அவர் அப்போது ஜனாதிபதி தேர்தலுக்கு அபேட்சகர். தலைவர்கள் பேசிவிட்டுப் போனார்கள். பூட்டுப் போடுகிற வேலை நிற்கவில்லை. இதில் சங்கம் தோற்றது என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. சங்கத்திடம் பணம் கிடையாது; நிலம் கிடையாது; கோர்ட்டில் கடன்காரர்கள் வரிசையில் அதற்கு முன் எத்தனையோ பேர்.

இன்னொரு கூத்தும் நடந்தது. அங்கே பயிற்சியில் இருந்த இளம் டாக்டர்கள் சுமார் 570 பேர், ஓர் அறிவிப்பில் அநாதைகள் ஆனார்கள். அவர்களுடைய பயிற்சி இடங்களுக்கு மத்திய சர்க்கார் பணம் கொடுக்கிறது அல்லவா? அந்த இடங்களையே ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிலடெல்பியாவின் மற்ற ஆஸ்பத்திரிகள் கூட்டாகச் சேர்ந்து 5.5 கோடி டாலர் கேட்டன. திவால் கோர்ட்டும் சரி என்றது. மத்திய சர்க்கார், இது விற்கிற சொத்தல்ல என்று மேல்முறையீடு செய்தது, விற்பனை நிறைவேறவில்லை. மருத்துவக் கல்லூரி சீட்டுக்கு விலை என்றால் நம் ஊரில்தான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் விலை போகாத பொருள் கடைசியில் நர்ஸின் உழைப்பு ஒன்றுதான். அதை யாரும் ஏலம் கேட்கவில்லை.

பிறகு 2020 மார்ச் வந்தது. கோவிட் வந்தது. நகரத்தில் படுக்கைகள் போதாமல் போகும் என்று எல்லோரும் பயந்த நாட்கள். நடுநகரத்தில் ஆறு மாதத்துக்கு முன் பூட்டின ஆஸ்பத்திரி காலியாக நிற்கிறது. மேயர் ஜிம் கென்னியின் நிர்வாகம் அதை வாடகைக்குக் கேட்டது. வாடகையும் இதர செலவுகளும் சேர்த்து மாதம் சுமார் 10 லட்சம் டாலர் ஆகும் என்று வந்தது. நியாயமான வாடகைதான் என்று சொந்தக்காரர் தரப்பு சொல்லிற்று. இருக்கலாம், நிலத்தின் விலை அப்படி. நகரம் பேச்சை முறித்துக்கொண்டு, டெம்பிள் சர்வகலாசாலையின் கூடைப்பந்து அரங்கத்தில் கட்டில் போட்டது. கடைசியில் அந்த அரங்கத்துக்கு வந்த நோயாளிகள் சொற்பம்தான். பயந்த அளவுக்கு அங்கே தேவைப்படவில்லை. அது அதிர்ஷ்டம். அந்த மார்ச் மாதத்தில் யாருக்கும் அது தெரியாது. பூட்டின கட்டிடத்துக்கும் பந்தாட்ட அரங்கத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, 2019-ல் நர்சுகள் கத்தியதை நினைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ!

"இது ஒரு தனி மனிதரின் கதை, இதை வைத்துப் பொதுவாகப் பேசக்கூடாது" என்று நண்பர் சொல்லுவார். ஆகட்டும். அதே பென்சில்வேனியாவில், பிலடெல்பியாவை ஒட்டிய டெலவேர் கவுண்டியில் குரோசர் என்ற ஆஸ்பத்திரிக் குழுமம் இருந்தது. இங்கேயும் நர்சுகள் இதே சங்கம். 2016-ல் பிராஸ்பெக்ட் என்ற கம்பெனி வாங்கிற்று. அந்தக் கம்பெனியில் பெரும் பங்கு ஒரு முதலீட்டு நிறுவனத்தினுடையது. 2018-ல் பிராஸ்பெக்ட் 110 கோடி டாலர் அளவுக்குக் கடன் வாங்கி, அதிலிருந்து பங்குதாரர்களுக்கு 45.7 கோடி டாலர் லாபப் பங்கு கொடுத்தது. கடன் வாங்கி லாபம் கொடுப்பது எப்படி என்று நான் அப்பாவித்தனமாகக் கேட்டால் ஆடிட்டர் சிரிப்பார். 2019-ல் பல ராஜ்யங்களில் இருந்த தன் ஆஸ்பத்திரிக் கட்டிடங்களை 155 கோடி டாலருக்கு ஒரு நிலக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு, அதே கட்டிடங்களில் வாடகைக்குக் குடியிருக்க ஆரம்பித்தது. 2022-ல் அந்தக் கவுண்டியில் இரண்டு ஆஸ்பத்திரிகள் மூடின. 2024 அக்டோபரில் ராஜ்யத்தின் அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார். 2025 ஜனவரியில் திவால். அந்த மே மாதத் தொடக்கத்தில் குரோசர் பெரிய ஆஸ்பத்திரியும் மூடிவிட்டது.

இந்த வரிசையில், கடைசி வருஷத்தில் வந்து, "அம்மா, கஷ்ட காலம், நீங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்" என்று சொன்னால், நர்ஸ் எதை விட்டுக்கொடுப்பாள்? அவள் ஒரு நோயாளியைக் கூட எடுத்துக்கொள்ளலாம். அதாவது அந்த 7 சதவீதத்தை எடுத்துக்கொள்ளலாம். அது அவள் கையிலிருந்து போவதல்ல. கட்டிலில் படுத்திருக்கிறவன் கையிலிருந்து போவது. விட்டுக்கொடுத்தல் என்கிறார்கள், யாருடையதை யார் விட்டுக்கொடுப்பது?

சட்டத்திலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அமெரிக்காவில் ஆஸ்பத்திரி ஊழியர் சங்கம் வேலைநிறுத்தம் செய்வதானால் பத்து நாள் முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்தே தீர வேண்டும். 1974-ல் வந்த திருத்தம் அது. நியாயமான விதி. நோயாளிகளை நட்டாற்றில் விடக்கூடாது. ஆஸ்பத்திரியை அடியோடு மூடுகிறவருக்கும் பென்சில்வேனியாவில் ஒரு விதி உண்டு: தொண்ணூறு நாள். ஹானிமனில் ஜூன் 26-ல் சொல்லி, செப்டம்பர் முதல் வாரத்தோடு முடிப்பதாகத் திட்டம். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். நர்சுகள் பத்து நாள் கெடுவை மதிக்காமல் ஒரு மணி நேரம் முன்னால் வெளியே வந்திருந்தால், மனிதாபிமானமற்ற பெண்கள் என்று எத்தனை தலையங்கம் வந்திருக்கும்!

அந்தத் தலையங்கங்களுக்குப் பின்னால் இருக்கிற மனோபாவத்தில் எங்கள் ஜாதிக்கும், அதாவது கதை எழுதுகிறவர்களுக்கும், பங்கு இருக்கிறது. நாங்கள் நர்சை எப்படி எழுதியிருக்கிறோம்? வெள்ளை உடை, சாந்தமான புன்னகை, ஒரு பழைய காதல் தோல்வி. ராத்திரி முழுவதும் கண் விழிப்பாள். கடைசி அத்தியாயத்தில் கதாநாயகன் குணமாகி வேறொருத்தியை மணந்துகொள்ள, இவள் ஜன்னல் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவாள். இதில் ஒன்றிரண்டு நானே எழுதியிருக்கிறேன்; வாசகர்கள் உருகிக் கடிதம் எழுதினார்கள். அந்த நர்சுக்கு மாதச் சம்பளம் என்ன, எத்தனை மணி நேர வேலை, வாடகை எவ்வளவு என்று நான் ஒரு வரியும் எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. சேவை என்ற ஒரு சொல்லைப் போட்டு அவ்வளவையும் மூடிவிட்டேன். பிறகு அவள் நிஜ வாழ்க்கையில் கூலி கேட்டால், கதையிலிருந்து வெளியே வந்து அபஸ்வரம் பேசுவதுபோல நமக்குக் காது கூசுகிறது. டாக்டர் பீஸ் கேட்டால் கூசுவதில்லை.

நர்சுகளின் தெய்வமாக நாம் வைத்திருக்கிற ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் கையில் ஒரு விளக்கைக் கொடுத்துப் படம் போட்டு மாட்டியிருக்கிறோம். கிரிமியா யுத்தத்திலிருந்து திரும்பி வந்து அந்த அம்மாள் பெரும்பாலும் செய்தது எண்ணிக்கை. எத்தனை சிப்பாய் காயத்தால் செத்தான், எத்தனை பேர் அழுக்கிலும் நெருக்கடியிலும் பிடித்த வியாதியால் செத்தான் என்று கணக்கெடுத்து, வட்டப் படமாக வரைந்து, மந்திரிகளின் மூக்குக்குக் கீழே நீட்டினார். இங்கிலாந்தின் புள்ளிவிவரச் சங்கத்தில் முதல் பெண் அங்கத்தினர் அவர்தான். பிலடெல்பியா நர்சுகள் ஒரு வார்டுக்கு எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு வந்து நின்றபோது, நைட்டிங்கேலுக்கு அவர்கள் துரோகம் செய்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் நண்பரிடம் படித்துக் காட்டினேன். அவர் இடையில் நாலைந்து தடவை "ஊம்" கொட்டினார். மைத்துனன் பேரில் வீடு எழுதுகிற இடம் வந்தபோது மட்டும் சற்று நெளிந்தார். அவருடைய கட்சிக்காரர் யாராவது ஞாபகத்துக்கு வந்திருக்கலாம். முடிந்ததும் சொன்னார்: "எல்லாம் சரி, நீர் கடைசிவரை பதில் சொல்லவில்லை. நஷ்டம் நிஜம் என்று நீரே எழுதியிருக்கிறீர். ஒரு நர்ஸ், ஒரு சங்கம், நிஜமாகவே நொடித்துப்போன ஆஸ்பத்திரியில் என்னதான் செய்ய வேண்டும்? சம்பளத்தைக் குறைத்துக்கொள்வது தப்பா?"

"தப்பில்லை ஸார். எல்லாப் புஸ்தகத்தையும் மேஜைமேல் வைக்கட்டும். நிலத்தின் புஸ்தகம், வாடகைப் புஸ்தகம், லாபப் பங்கு கொடுத்த புஸ்தகம். உங்களைப்போல் ஒருவரைச் சங்கத்தின் சார்பில் உட்காரவைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கவிடட்டும். அதற்குப் பிறகு கேட்டால், கொடுக்க வேண்டியதைக் கொடுப்பார்கள். கட்டில் எண்ணிக்கையை மட்டும் கேட்கக்கூடாது."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "அந்த குரோசர் விவகாரத்தில், 2018-ல் எவ்வளவு கடன் வாங்கி எவ்வளவு பங்கு கொடுத்தார்கள் என்றீர்? இன்னொரு தரம் சொல்லும்" என்று கேட்டார்.